ஜன்னல் ஓரத்தில் வைத்த பன்னிரண்டு போத்தல்கள்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீ மேக்கராக வேலை செய்கிறேன். முந்தின இரவு செய்த தேயிலையை காலையில் வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக ஊற்றி, உறிஞ்சிப் பார்த்து, துப்பி, குறை நிறை சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. நாக்கையும் மூக்கையும் நம்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படியிருந்தும் சின்ன ஆலைகளில் செய்கிற கிராஃப்ட் பியர் விஷயத்தில் ஏழு மாதம் வழி தெரியாமல் அலைந்தேன். 2024 பெப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை 26 போத்தல்களும் டின்களும் வாங்கியிருக்கிறேன். அதற்கு 43,100 ரூபாய். ஓரிடத்தில் கிளாஸில் வாங்கிக் குடிக்காமல் வைத்தது 3,800. ஒரு ராத்திரி செய்த தவறால் போன் திருத்தக் கொடுத்தது 14,000. ஆக 60,900 ரூபாய், கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். அந்த 26இல் 19ஐப் பாதிகூடக் குடிக்க முடியாமல் தொட்டியில் ஊற்றினேன். பணம் போனதை விட, நன்றாகச் செய்த பியரையெல்லாம் "எனக்கு ஒத்துவராது" என்று கொப்பியில் எழுதி ஒதுக்கிவிட்டேன் என்பதுதான் பிறகு அதிகம் வலித்தது. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த நாலு வார்த்தையை இப்போது நான் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது லண்டனில் இருக்கும் மச்சான். 2023 டிசம்பரில் வந்தபோது நாலு டின்களைச் சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பியர் என்றால் எனக்கு அதுவரை டவுன் கடையில் பேப்பரில் சுற்றித் தரும் லாகர்தான். பல் கூசக் குளிர வைத்து வேகமாகக் குடிப்பது, அவ்வளவுதான். மச்சான் டின்னிலிருந்து கிளாஸில் ஊற்றினான். "குடிக்காத மச்சான், முதல்ல மோந்து பாரு" என்றான். கிளாஸுக்குள் மூக்கை வைத்தேன். ஜம்போலா, அதாவது பம்பளிமாஸ் பழத்தின் தோலை நகத்தால் கீறினால் வருமே, அதே வாசம்! பழம் எதுவும் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். தண்ணீர், பார்லி மோல்ட், ஹொப்ஸ், ஈஸ்ட், இந்த நாலும்தான் என்றான். ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பையும் இந்த வாசத்தையும் கொடுப்பது அதுதான். ஒரே தேயிலைச் செடி ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் காற்றில் ஒரு மணமும், எங்கள் திம்புல பக்கம் ஜனவரி, பெப்ரவரி குளிரில் வேறு மணமும் தருவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லி விளக்க முடியாது. சின்ன ஆலைகளில், அளவாக, ருசிக்காகவே செய்கிற பியர் என்று ஓர் உலகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பிடித்த பியர் எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் அப்பா கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்தே போனவர். எனக்குப் பதின்மூன்று வயது. சம்பள நாள் என்றால் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதி வீடுகளில் அடுப்பு எரியாது. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அதனால் ருசி பார்க்கிற ஆசையோடு ஒரு குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வந்தது. நண்பர்களிடம் சொன்னால், "சாராயம் இருக்க இந்தக் காசுக்கு பியரா" என்பார்கள். அம்மாவிடம் பேச வாய் வராது. ஒளித்து ஒளித்துச் செய்ததால்தான் யாரிடமும் கேட்காமல், எல்லாத் தவறையும் நானே முழுசாகச் செய்து முடித்தேன். குடியால் அடிபட்ட குடும்பமாக இருந்தால், தொடங்குமுன் மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஒரு கிளாஸோடு நிறுத்த முடியுமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பெப்ரவரியில் கொழும்புக்கு ஒரு வேலையாகப் போனபோது, இறக்குமதி பியர் விற்கும் ஒரு கடையில் நுழைந்தேன். வழக்கமாக 2,000 ரூபாய் அளவில் விற்கும் போத்தல்கள் சலுகையில் 1,200க்கு இருந்தன. பன்னிரண்டு எடுத்தேன், 14,400 ரூபாய். ஆறு ஐபிஏ (ஹொப்ஸ் தூக்கலான வகை), மூன்று கோதுமை பியர், மூன்று பில்ஸ்னர் (வெளிர் நிற லாகர் வகை). ஏன் சலுகை என்று கேட்கத் தோன்றவில்லை. போத்தலில் திகதி இருக்க வேண்டிய இடத்தில் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தால், ஐபிஏ ஆறுக்கும் இன்னும் ஐந்து வாரம்தான் மிச்சம். ஐந்து வாரம் இருக்கிறதே, போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தத் திகதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்பது தெரியாது. ஏற்றுமதிக்குச் செய்கிற பியருக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதம் அல்லது ஒரு வருடம் கெடு போடுவார்கள். ஒரு வருடக் கெடுவில் ஐந்து வாரம் மிச்சம் என்றால் அந்தப் பியருக்குப் பத்து மாதத்துக்கு மேல் வயதாகிவிட்டது. ஹொப்ஸ் வாசத்துக்காகவே குடிக்கிற ஐபிஏ, பேல் ஏல் மாதிரியானவை முதல் மூன்று மாதத்துக்குள்தான் உயிரோடு இருக்கும். கெடு தாண்டாததால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வாங்கிய காரணம் போய்விட்டிருக்கும். இன்னொன்று, அமெரிக்கப் பியரில் மாதத்தை முதலில் போடுவார்கள். 03/08 என்றால் அவர்கள் கணக்கில் மார்ச் 8. நான் ஒரு டின்னை ஓகஸ்ட் 3 என்று படித்து ஏமாந்திருக்கிறேன். டின்னில் திகதி அடியில் இருக்கும். காசு கொடுக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள், ஸ்டிக்கர் மறைத்தால் கடைக்காரரிடமே உரிக்கச் சொல்லுங்கள்.

வாங்கியதை ஹட்டன் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கை வலிக்குமே என்று பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் போட்டேன். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஐந்து மணி நேரத்துக்கு மேல். இஞ்சின் சூடு முழுக்க அந்தப் பெட்டிக்குத்தான். இறங்கி எடுத்தபோது போத்தல்கள் கை பொறுக்காத அளவு சுட்டன. வீட்டுக்கு வந்த பிறகு செய்தது அதைவிட மோசம். எங்கள் பக்கம் பெப்ரவரியில் இரவு நல்ல குளிர், பகலில் பளிச்சென்று வெயில். குவாட்டர்ஸ் முன் அறை ஜன்னல் கல்லு மாதிரி சில்லென்று இருக்கும். பிரிட்ஜில் அம்மா கண்ணில் படுமே என்ற கூச்சம் வேறு. பன்னிரண்டு போத்தலையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். வெயில் பட்டபோது பச்சையும் பழுப்புமாக அவ்வளவு அழகாக இருந்தது, போன் எடுத்துப் படம்கூடப் பிடித்தேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார். பழைய சேலையைக் கிழித்துத் தைத்தது. போகிற வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் ஐபிஏயை அந்த ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். ஜம்போலாவை எதிர்பார்த்துக் கிளாஸுக்குள் மூக்கை வைத்தால், நனைந்த அட்டைப்பெட்டி வாசம். பின்னால் தேன் கெட்டுப்போனது மாதிரி ஓர் அசட்டு இனிப்பு, அதற்கப்புறம் வெறும் கசப்பு. பில்ஸ்னர் பச்சைப் போத்தலில் இருந்தது. அதைத் திறந்ததும் ரப்பர் எரிந்த நாற்றம். இந்த நாற்றத்தை மேல்நாட்டில் ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். நான் அந்தப் பிராணியைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ரப்பரும், மழைக்காலத்தில் பூனை அசிங்கம் பண்ணிய சாக்கும்தான். ஆனாலும் பியரில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காசு கொடுத்து வாங்கியது, வெளிநாட்டுச் சாமான், நாலு பேர் புகழ்வது. குறை என் நாக்கில்தான் என்று முடிவு செய்தேன். "ஐபிஏ எனக்குச் சரிவராது. பில்ஸ்னர் வேண்டவே வேண்டாம்." இதைத்தான் கொப்பியில் எழுதினேன். லயத்தில் பிறந்தவனுக்கு இந்த மேல்நாட்டு ருசியெல்லாம் பிடிபடாது போலிருக்கிறது என்று ஒரு தாழ்வு மனப்பான்மையும் வந்தது. இதை எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால், நாக்கைச் சந்தேகப்படும் முன் போத்தலைச் சந்தேகப்படுங்கள்.

ஏப்ரலில் நுவரெலியா சீசன். ஓரிடத்தில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றும் பியர் இருந்தது. ஒரு கிளாஸ் 1,900 ரூபாய், நானும் ஒரு நண்பனும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். உருகிய பட்டர் வாசமும் லேசான வினாகிரிப் புளிப்பும். அதுதான் அதன் ருசி என்று நினைத்து மேசையிலேயே வைத்துவிட்டு வந்தோம். குழாய்க்குள் பாசி மாதிரிப் படிந்து கிருமி வளர்ந்தால் வருகிற வாசம் அது என்று பிறகு தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயைக் கழுவ வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் நியமம். முழுக் கிளாஸ் வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். நல்ல இடத்தில் மறுக்க மாட்டார்கள். கூட்டமில்லாத இடத்தில் குழாய்ப் பியர் வேண்டாம், பீப்பாய் திறந்து எத்தனை நாளோ.

ஜூலையில் நடந்ததுதான் பெரிய அடி. ஒரு நண்பன் வீட்டில் 330 மில்லிலீற்றர் டின்னில் ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியர் இருந்தது, 8.8 சதவீதம். சின்ன டின்தானே என்று மூன்று குடித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தது மறுநாள்தான். 330இல் 8.8 சதவீதம் என்றால் 29 மில்லிலீற்றர் சுத்த அற்ககோல். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் லாகரில், 4.8 சதவீதக் கணக்கில், 30. அதாவது ஒரு சின்ன டின், ஒரு பெரிய போத்தலுக்குச் சமம். நான் குடித்தது மூன்று பெரிய போத்தல். மழையில் தோட்டப் பாதையால் நடந்து வந்தபோது கால் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. போன் தண்ணீருக்குள். இருட்டில், கானுக்குள் உட்கார்ந்தபடி, அப்பாவை இப்படி எத்தனை தரம் தூக்கிக்கொண்டு வந்திருப்போம் என்று நினைத்து அழுதேன். மறுநாள் காலை கோப்பைகளின் முன் நின்றால் நாக்கு மரத்துக் கிடந்தது. டிரையரில் சூடு கூடி லேசாகத் தீய்ந்திருந்த ஒரு வகையை நல்லது என்று சொல்லிவிட்டேன். பெரிய டீ மேக்கர் ஐயா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிராஃப்ட் பியரில் 4 சதவீதமும் உண்டு, 12 சதவீதமும் உண்டு. டின்னின் அளவைப் பார்த்து எண்ணாதீர்கள். அளவையும் சதவீதத்தையும் பெருக்கிப் பார்த்து எண்ணுங்கள். எங்கள் வளைவுப் பாதைகளில் ஒரு கிளாஸ் குடித்தாலும் மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம்.

இரண்டு நாள் லீவில் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஐயா தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர், வாழ்க்கையில் மதுவைத் தொடாதவர். திட்டுவார் என்று நினைத்தேன். "என்ன தம்பி விஷயம்?" என்று மட்டும் கேட்டார். எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜம்போலா வாசம், ஜன்னல், அட்டைப்பெட்டி நாற்றம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம தேயிலைய நீ ஜன்னல்ல வெப்பியா?" என்றார்.

"இல்லீங்க ஐயா."

"மண்ணெண்ணெய்ப் பக்கத்துல வெப்பியா? பஸ்ஸு இஞ்சின் மேல வெப்பியா? அப்ப அத மட்டும் ஏன் வெச்ச?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. டிரையரிலிருந்து மூன்று சதவீத ஈரத்தோடு வருகிற தேயிலையைக் காற்றுப் படாமல், வெளிச்சம் படாமல், வேறு வாசம் அண்டாமல் மூட்டை கட்டுவதே என் தொழில். நல்ல தேயிலையைக் கடைக்காரர் வெயிலில் அடுக்கிக் கெடுத்துவிட்டால் குறை தோட்டத்தின் மேல்தான் விழும் என்று எத்தனை தரம் கோபப்பட்டிருக்கிறேன்! அதே அநியாயத்தைத்தான் முகம் தெரியாத யாரோ ஒரு ஆலைக்காரருக்கு நான் செய்திருக்கிறேன்.

மழை விட்ட ஒரு வெயில் நாளில் சோதித்துப் பார்த்தேன். பச்சைப் போத்தல் லாகர் இரண்டு, ஒரே திகதி போட்டது. ஒன்றைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள், இன்னொன்றை ஜன்னலில், காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை. அப்புறம் இரண்டையும் ஒன்றாகக் குளிர வைத்தேன். தம்பி எனக்குக் காட்டாமல் மூன்று கிளாஸில் ஊற்றினான், இரண்டில் ஒரே போத்தல், ஒன்றில் மற்றது. எது வேறு என்று நான் சொல்ல வேண்டும். நாலு தரம் மாற்றி மாற்றி வைத்தான், நாலு தரமும் மோந்தே கண்டுபிடித்தேன். குடிக்காத தம்பியே, "அண்ணே, இது ரப்பர் எரிஞ்ச மாதிரி இருக்கே" என்றான். நாலு மணி நேர வெயில் அவ்வளவு வேலை செய்திருந்தது. ஹொப்ஸிலிருந்து வருகிற கசப்புப் பொருளை வெளிச்சம் உடைக்கிறது. அது பியரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அந்த நாற்றமாகிறது. நேர் வெயிலில் சில நிமிடமே போதும். போத்தல் குளிர்ந்திருந்தாலும் தப்பாது. நான் ஏமாந்தது இதில்தான். மலைநாட்டில் குளிர் இருக்கிறது, அதனால் பியர் பத்திரம் என்று நினைத்தேன். உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் தாழ்நாட்டை விடக் கூடுதல். பழுப்புப் போத்தல் ஓரளவு காக்கும், பச்சை அவ்வளவாகக் காக்காது, வெள்ளைக் கண்ணாடி சுத்தமாகக் காக்காது. டின்னுக்குள் வெளிச்சமே போகாது. அதனால் இரண்டும் கிடைத்தால் நான் டின்னைத்தான் எடுக்கிறேன்.

அட்டைப்பெட்டி வாசம் வேறு கதை. அடைக்கும்போது உள்ளே தங்கிப்போகும் கொஞ்சக் காற்றும் காலமும் சேர்ந்து செய்வது அது. சூடு அதை வேகப்படுத்தும். பத்துப் பாகை (டிகிரி) கூடினால் கெடுகிற வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கொழும்பிலிருந்து வாங்கினால் பேப்பரில் சுற்றி, ஐஸ் போத்தல் ஒன்றோடு முதுகுப் பையில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். வந்ததும் பியரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும், காற்றுப் படுகிற பரப்பு அப்போதுதான் குறையும், மண்டியும் அடியில் தங்கும். பயணத்தில் குலுங்கியதை அன்றைக்கே திறந்தால் பாதி மேசையில்தான் வழியும், இரண்டு நாள் அசையாமல் விட்டால் நல்லது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்திருக்கிறேன். ஸ்டவுட் போன்ற கனமானவை அதில் இருக்கும். ஹொப்ஸ் வாசமுள்ளவை நேரே பிரிட்ஜுக்கு.

குடிக்கும்போது ஒரு டின்னை மூன்று நாலு பேர் பகிர்ந்தால் செலவும் குறையும், தலையும் தப்பும். மச்சான் முறையில் இரண்டு பேரையும் பக்கத்துத் தோட்டத்து நண்பன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, நாலு டின், நாலு பேர். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போகிறோம், தேயிலையிலும் அப்படித்தானே. இடையில் தண்ணீரும் வெறும் பாணும். பௌர்ணமிக்குக் கடை பூட்டு என்பதால் முன்னாலேயே வாங்கி வைக்க வேண்டும். கிளாஸைச் சவர்க்கார வாசமில்லாமல் அலசுங்கள். ஊற்றியதும் கிளாஸின் பக்கவாட்டில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது இன்னும் அழுக்கு என்று அர்த்தம். பல் கூசும் குளிரில் எதுவும் தெரியாது. லாகர் 5, 6 பாகையில் இருக்கட்டும், பேல் ஏல் 8, 9 வரை வரலாம், ஸ்டவுட்டுக்கு 12, 13. எங்கள் பக்கத்தில் டிசம்பர் இரவில் வீட்டு மூலையே அந்தக் குளிரில் இருக்கிறது, ஸ்டவுட்டுக்கு பிரிட்ஜே வேண்டாம். கையோடு ஒரு தவறும் சொல்லிவிடுகிறேன். காரமான டெவல் கோழியோடு ஐபிஏ குடித்தோம். கசப்பும் காரமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு வாய் எரிந்தது. காரத்துக்குக் கோதுமை பியர் இதமாக இருக்கிறது.

அப்படித்தான் என்னுடையவற்றைக் கண்டுபிடித்தேன். ஜெர்மன் முறைக் கோதுமை பியரில் கோழிக்கூட்டு வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இரண்டுமே ஈஸ்ட் தருவது, ஒன்றும் போடுவதில்லை. கடைசி இரண்டு விரல் அளவை மெதுவாகச் சுழற்றி, அடியில் உள்ள மண்டியோடு ஊற்ற வேண்டும். நான் பெப்ரவரியில் அந்த மண்டியைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று மூன்றையும் ஊற்றியவன். இரண்டாவது, நம் லயன் ஸ்டவுட். என்னைக் கானுக்குள் தள்ளிய அதே 8.8 சதவீதக் கணக்குத்தான், ஆனால் கால் கிளாஸ் ஊற்றி, குளிர் போன பிறகு ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தால் கோப்பியும் கித்துள் பாணியும் கருகின சீனியும் ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. தொதல் ஒரு துண்டோடு சாப்பிட்டுப் பாருங்கள். இது கிராஃப்ட் பியரா, பெரிய ஆலைதானே என்று நண்பன் கேட்டான். இருக்கட்டும். இதன் பரம்பரை 1881இல் நுவரெலியாவில், குளிரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பித் தொடங்கிய சிலோன் புருவரி. தொண்ணூறுகளில் ஆலை பியகமைக்குப் போய்விட்டது. எங்கள் மலையில் பிறந்த ஒரு பியரைக் கறுப்பு, கசப்பு, கிக் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். பிடித்ததைத் தேடி 2,000 ரூபாய் டின் வாங்கும் முன், பக்கத்தில் கிடைப்பதை ஒழுங்காக வைத்து, ஒழுங்கான குளிரில் ஒரு தரம் குடித்துப் பாருங்கள்.

பில்ஸ்னர் இன்னும் நல்ல நிலையில் ஒன்று கிடைக்கவில்லை. 1842இல் பில்சென் நகரில் பிறந்த வகை, அவ்வளவு பேருக்குப் பிடித்தது சும்மா இருக்காது. கொப்பியில் அதற்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

கொப்பி இப்போது மேசை மேல்தான் இருக்கும். எத்தனை டின், என்ன விலை, யார் யார் குடித்தோம் எல்லாம் அதில் உண்டு. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவர் படிக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். ஜனவரியில் லண்டன் மச்சான் தெரிந்தவர் ஒருவர் கையில் இரண்டு டின் அனுப்பினான், 2023இல் கொண்டுவந்த அதே பேல் ஏல். அடியில் திகதியைப் பார்த்தேன், அடைத்து ஐந்து வாரம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஊற்றினோம். வாசம் அறை முழுக்க எழும்பியது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்றார். நான் என் கிளாஸை நீட்டினேன், குடிக்கச் சொல்லவில்லை. வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஜம்போலாத் தோலு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளாஸை என் கையில் திருப்பித் தந்து, சோறு வடிக்கப் போனார்.